நிரை பிடித்த கால்கள்: முதுமையில் நினைவாற்றலுக்கு எளிய உடற்பயிற்சி

(ஜொகூர் பாருவில் மூத்தோர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மருந்து விற்க வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘நினைவாற்றல்’ என்று அறிவிப்பில் போட்டாலே, பேச்சு முடிந்ததும் பின்னால் மேசை போட்டுப் புட்டி விற்பார்கள் என்பது நம் மக்கள் பட்டறிந்த சங்கதி. மீன் எண்ணெய், வல்லாரை மாத்திரை, டப்பாவில் ‘மூளைச் சத்து’. வல்லாரையைக் கீரையாகவே சாப்பிடுங்கள். பசாரில் பெகாகா என்று கேட்டால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும், துவையல் அரைத்தால் அருமையாக இருக்கும். அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற குழப்பத்தை அது தீர்க்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலி, இடுப்பு எலும்பு முறிவு, பக்கவாதம் என்று வருகிறவர்களை மறுபடி நடக்க வைப்பது என் தொழில். கால் வைத்தியம் பார்க்கிறவருக்கு மூளையைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் பேச வந்திருக்கிறேன். வயதான காலத்தில் நடை தளர்வதும் நினைவு தளர்வதும் பெரும்பாலும் கூட்டாகத்தான் வருகின்றன. எது முந்தி, எது பிந்தி என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள் வழக்கு.

மாசாயில் ஓர் அம்மா. எழுபதைத் தாண்டியவர். முட்டி வலிக்காக வந்தார். கதவிலிருந்து என் மேசை வரை நடந்து வாருங்கள் என்றேன். நன்றாகவே நடந்தார். திரும்பப் போய் மறுபடி வாருங்கள், இந்த முறை நடந்துகொண்டே நேற்று ராத்திரி என்ன சமையல் என்று சொல்லுங்கள் என்றேன். இரண்டடி வைத்தார். நின்றுவிட்டார். “நேத்து ராத்திரியா... நெத்திலி சம்பலு, ரசம்” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. “ரசத்துக்குப் புளி போட்டீங்களா, தக்காளி மட்டுமா?” என்றேன். மறுபடியும் நின்றார்.

அவருக்குச் சமையலும் மறக்கவில்லை, நடையும் தவறவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த ‘அவ்வளவுதான்’ சாதாரணமானதல்ல. 1997-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேரைக் கவனித்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறவர்கள் 12 பேர். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். பிறகு நியூயார்க்கில் இந்திய வம்சாவளி நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் இதை ஒரு சோதனையாகவே வளர்த்தெடுத்தார். ஆங்கில எழுத்துகளை ஒன்று விட்டு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். மறதியைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு நடையும் மெதுவாகிவிட்டால், பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று அவர் குழு காட்டியது. கேரளத்தில் கோழிக்கோட்டிலும் இந்த ஆய்வை நடத்தியிருக்கிறார்கள்.

நம் வீட்டுக்கூடத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். அ, இ, உ, எ, ஐ, ஓ. உயிரெழுத்தை ஒன்று விட்டு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே நடங்கள். பயமுறுத்திக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. சோதனையையே பயிற்சியாகவும் ஆக்கிக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே இருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் பால்மரம் வெட்டியவர்கள்? கையைத் தூக்குங்கள். பாருங்கள், பாதிக் கூட்டம். கூலாய், குளுவாங், லாபிஸ், உலு திராம் என்று எந்தத் தோட்டமானாலும் கதை ஒன்றுதான். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு. நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கினால் ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் நடை, குனிவு, வெட்டு, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து நிமிர்த்தி வைத்தல். மறுபடி அதே வழியில் பால் எடுக்க ஒரு சுற்று. தோளில் காண்டா, இரண்டு பக்கமும் வாளி. இதில் உடம்பின் உழைப்பை எல்லோரும் பேசுகிறோம். மூளையின் உழைப்பை யாரும் பேசவில்லை. எந்த மரத்தில் பட்டை சுருங்கியிருக்கிறது, எந்த மரம் மழைக்குப் பின் பால் கூடுதலாக விடும், எந்த மேட்டில் பாசி வழுக்கும் என்று ஐந்நூறு மரமும் மனப்பாடம்.

லண்டனில் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 2000-ஆம் ஆண்டு எலினோர் மக்வயர் என்ற விஞ்ஞானி அவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார். இடங்களையும் புது விஷயங்களையும் நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. கடல்குதிரை வடிவத்தில் இருப்பதால் அந்தப் பகுதிக்கு அப்படிப் பெயர். நம் சுங்கை பூலாய் முகத்துவாரத்துக் கடற்புல்லில் வாழ்கிறதே, அதே கடல்குதிரை. லண்டன் டாக்சிக்காரரை அளந்தார்கள். தோட்டத்து லயத்துப் பெண்ணை யார் அளந்தார்கள்? அளந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு இன்றும் ஆசை உண்டு.

அந்தக் கால்கள் இன்று எங்கே? தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, அதுவும் போய்த் தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை. விடிகாலை நாலு, நாலரைக்கே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. நடுவில் பதினைந்து மணி நேரம், இரும்புக் கதவு பூட்டிய தொடர் வீட்டில், தொலைக்காட்சிக்கு முன்னால் அம்மா. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது அவர் துடைப்பத்தை எடுத்தால், “நீங்க உட்காருங்கம்மா, காலமெல்லாம் உழைச்சது போதாதா?” என்கிறார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துக் கங்காணிகூட அவருக்கு இந்தக் கெடுதலைச் செய்யவில்லை. பிள்ளைகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

2018-இல் நம் சுகாதார அமைச்சு முதியோரை வைத்து நடத்திய தேசிய ஆய்வில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய்க்கான அறிகுறிகள் தெரிந்தன. இந்த மண்டபத்தில் நூறு பேர் இருந்தால் எட்டு, ஒன்பது பேர். அதோடு 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், மலேசிய இந்தியரில் பெரியவர்களை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. நீரிழிவு மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே இது யாருக்கோ வரும் நோய் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

சரி, உடற்பயிற்சி செய்தால் நினைவு நிற்குமா? உண்மையைச் சொல்கிறேன். இரண்டு பக்கச் சாட்சியையும் கேளுங்கள்.

2011-இல் அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் என்பவரின் குழு, 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிப் பேர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி நாற்பது நிமிடம் வரை கூட்டினார்கள். மறு பாதிப் பேர் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் படமெடுத்தால், நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 விழுக்காடு வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. வயதானால் சுருங்கத்தான் செய்யும் என்றிருந்த ஓர் உறுப்பு வளர்ந்தது உலகெங்கும் செய்தியானது. செய்தியில் வராத பகுதி ஒன்று உண்டு. நினைவாற்றல் தேர்வில் இரண்டு குழுவும் முன்னேறின. நடந்தவர்கள் மற்றவர்களை மிஞ்சிவிடவில்லை.

இன்னும் கேளுங்கள். லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சுமார் 27 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. உடற்பயிற்சி மறதிநோயைத் தடுத்ததாக அதில் தெரியவில்லை. மாறாக, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்களின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. அதாவது, நடக்காததால் மறதி வந்ததா, வரப்போகும் மறதியால் நடை குறைந்ததா என்ற கேள்வி. அமெரிக்காவில் வேறோர் ஆய்வில், 70 முதல் 89 வயதுவரை 1,635 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இரண்டாண்டு பயிற்சி செய்ய வைத்தார்கள். மொத்தத்தில் சிந்தனைத் திறனில் வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சி செய்தவர்களுக்குள் எண்பதைத் தாண்டியவர்களுக்கும், தொடக்கத்திலேயே மிகப் பலவீனமாக இருந்தவர்களுக்கும், திட்டமிட்டுச் செயல்படும் திறனில் ஆதாயம் தெரிந்தது.

பிறகு எதற்காக இங்கே வந்து நிற்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 2024-இல் ‘லான்செட்’ ஆணையம் ஒரு கணக்குக் கொடுத்தது. உலகில் வரும் மறதிநோயில் சுமார் 45 விழுக்காட்டை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு. அதில் உடலுழைப்பு இல்லாமைக்குத் தனியாக 2 விழுக்காடுதான். ஆனால் பட்டியலை மேலும் படியுங்கள்: இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், மனச்சோர்வு, தனிமை. நடக்கிற மனிதனுக்கு இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆதாயம் இருக்கிறது. நாலு பேரோடு சேர்ந்து நடந்தால் தனிமையும் போகும். பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை 1,260 பேரில் ஒரு பாதிப் பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டாண்டு செய்தபோது, சும்மா அறிவுரை மட்டும் கேட்டவர்களைவிட அவர்கள் நன்றாகவே தேறினார்கள். என் முடிவு இதுதான். உடற்பயிற்சி மறதிக்கு மருந்து இல்லை. உடற்பயிற்சி இல்லாமல் மற்ற எந்த மருந்தும் முழுப்பலன் தராது.

அடுத்து, எந்தப் பயிற்சி? இங்கேதான் எனக்குப் பேச ஆசை அதிகம்.

முன்னே சொன்ன ஜோ வர்கீஸ் 2003-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரின் பொழுதுபோக்குகளை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார். படித்தல், சதுரங்கம் போன்ற பலகை விளையாட்டு, வாத்தியம் வாசித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தது. உடலசைவு சார்ந்த பதினொரு பொழுதுபோக்குகளில் ஒன்றே ஒன்றுதான் அப்படிப் பலன் காட்டியது. நடனம். ஏன் என்று யோசித்தால் புரியும். தாளத்தைக் கேட்க வேண்டும், அடுத்த அடி நினைவிருக்க வேண்டும், பக்கத்தில் ஆடுகிறவரை இடிக்கக் கூடாது, பாட்டையும் விடக் கூடாது. காலும் தலையும் கூட்டாக வேலை செய்கின்றன.

நம்மிடம் கும்மி இருந்ததே! தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், பொங்கலில், வட்டமாக நின்று, ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாட, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஓரடி முன்னே, ஓரடி பக்கவாட்டில். கோலாட்டம் அதற்கு ஒருபடி மேல். கோல் யாருடைய கோலில் படவேண்டும் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இன்று கும்மியை மேடையேற்றிப் பள்ளிப் பிள்ளைகளை ஆடவிட்டுப் பாட்டிமார்களைக் கீழே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம். தலைகீழாகச் செய்கிறோம்.

ஜப்பானியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐச்சி மாநிலத்தில் ஓபு என்ற ஊரில் அவர்களுடைய தேசிய முதியோர் மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ‘கொக்னிசைஸ்’ என்று ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். கால் ஒரு வேலை செய்யும், தலை ஒரு கணக்குப் போடும். இப்போது செய்து பார்ப்போமா? முடிந்தவர்கள் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் நில்லுங்கள். நிற்கத் தடுமாறுகிறவர்கள் உட்கார்ந்தபடியே காலை மட்டும் அசையுங்கள், குறைவொன்றும் இல்லை. வலது காலைப் பக்கவாட்டில் வையுங்கள், ஒன்று. சேருங்கள், இரண்டு. இடது காலைப் பக்கவாட்டில், மூன்று. சேருங்கள், நான்கு. இது எளிது. இனி, மூன்றும் மூன்றின் மடங்குகளும் வரும்போது எண்ணைச் சொல்லாதீர்கள். ஜப்பானில் கைதட்டுவார்கள். நாம் நாற்காலியை விடவேண்டாம். அதன் முதுகில் ஒரு தட்டு போதும். ஒன்று, இரண்டு, தட்டு, நான்கு, ஐந்து, தட்டு, ஏழு, எட்டு, தட்டு.

சிரிப்புச் சத்தம் கேட்கிறது. தவறிவிட்டதா? தவறத்தான் செய்யும். கால் நான்கு நான்காகப் போகிறது, கை மூன்று மூன்றாகப் போகிறது. மூன்றில் இடது கால் வெளியே இருக்கும், ஆறில் வலது கால் உள்ளே வரும், ஒன்பதில் வலது கால் வெளியே. ஒவ்வொரு தட்டும் வேறு இடத்தில் விழுவதால் உடம்புக்குப் பழக்கமாகிவிடாது, மூளை விழித்திருக்க வேண்டியிருக்கிறது. தவறாமல் செய்யத் தொடங்கிவிட்டால் கணக்கை மாற்றுங்கள்: ஐந்தின் மடங்கு, பின்னோக்கி எண்ணுதல், ஒவ்வோர் அடிக்கும் ஒரு காய்கறிப் பெயர். தவறாமல் செய்வது நோக்கமே அல்ல. பத்து நிமிடம் தவறிக்கொண்டே இருந்தால் அன்றைய பாடம் ஆயிற்று. உட்காருங்கள், நன்றி.

கோயிலைச் சுற்றும்போது இதையே செய்யலாம். பிராகாரத்தில் எத்தனையாவது சுற்று என்று எண்ணிக்கொண்டே, மனத்துக்குள் ஒரு பாட்டை ஓட்டிக்கொண்டே நடக்கிறவர் இரட்டை வேலைப் பயிற்சிதான் செய்கிறார். நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றுகிறவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சுற்றினால் கிரகமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது.

தோப்புக்கரணத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சூய் என்பவர் 2005-இல் அதை ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ என்று நூலாக்கினார். அன்றிலிருந்து நம் பிள்ளையார் வழிபாடு வெளிநாட்டு முத்திரையோடு வாட்ஸ்அப்பில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. காதைப் பிடிப்பதால் மூளையின் சக்தி மாறுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. உட்கார்ந்து எழுவது மட்டும் முதல்தரமான தொடைப் பயிற்சி, அதில் ஐயமே இல்லை. ஆனால் அறுபதுக்கு மேல், முட்டி தேய்ந்தவர், இரண்டு கையையும் காதில் மாட்டிக்கொண்டு முழுதாகக் குந்தினால், சாய்ந்தால் பிடிக்கக் கை இல்லை. நான் அனுமதிக்க மாட்டேன். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், நாற்காலி போட்டுச் செய்யுங்கள்.

அதை எப்படிச் செய்வது? கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன் விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தோள் அகலத்தில், முட்டிக்குச் சற்றுப் பின்னால். கைகளை மார்பில் குறுக்காக வையுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள். இந்தச் சாய்வைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நேராகவே எழப் பார்த்து, முட்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு, வலிக்கிறது என்கிறார்கள். சாய்ந்தபின் குதிகாலை ஊன்றி எழுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாதீர்கள். மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். தசைக்கு அந்த இறக்கத்தில்தான் அதிக வேலை. சோதித்துப் பார்க்கும்போது மட்டும் அந்த மெதுவான இறக்கத்தை விட்டுவிட்டு, முப்பது நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். 70 முதல் 74 வயதுவரை, பெண்களுக்குப் பத்து, ஆண்களுக்குப் பன்னிரண்டு என்பது கீழ்வரம்பு. அதற்குக் குறைந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை; வாரம் மூன்று நாள் செய்து வந்தால் பெரும்பாலானவர்களுக்கு எண்ணிக்கை ஏறும்.

தசைக்கும் மூளைக்கும் என்ன உறவு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சான்று. கனடாவின் வான்கூவர் நகரில் 65 முதல் 75 வயதுள்ள 155 பெண்களிடம் தெரேசா லியூ-ஆம்புரோஸ் நடத்திய ஆய்வு 2010-இல் வந்தது. வாரம் ஒன்றிரண்டு முறை எடை தூக்கியவர்களுக்கு ஓராண்டில் கவனத்தை ஒருமுகப்படுத்தும் திறன் கூடியிருந்தது. எடைக்கு ஜிம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ. காண்டா சுமந்த தோளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சமநிலைப் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குதல். பிறகு விரல்களைத் தூக்கி இறக்குதல். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டிவைத்துச் சுவரோரம் நடத்தல். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சித் திட்டத்தில் இவையெல்லாம் உண்டு. விழுவதை மூன்றில் ஒரு பங்கு குறைத்த திட்டம் அது. விழாமல் இருப்பது நினைவுக்கு எவ்வளவு முக்கியம் என்பது என் தொழிலில் தினமும் தெரிகிறது. குளியலறையில் ஒரு வழுக்கல், இடுப்பெலும்பு முறிவு, அறுவை, மருத்துவமனையில் இரவு பகல் தெரியாத குழப்பம். வீடு திரும்பும்போது பேரனின் பெயர் தடுமாறுகிறது. அந்தக் குழப்பத்துக்குப் பின் பழைய நிலைக்கு முழுதாக வராதவர்கள் உண்டு.

எவ்வளவு நடக்க வேண்டும்? பத்தாயிரம் அடி என்ற எண் பரவியது ஒரு விற்பனைப் பெயரால். 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் நடை எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பெயர் வைத்து விற்றது, எண் நிலைத்துவிட்டது. 2022-இல் பிரிட்டனில் 78,000-க்கும் மேற்பட்டவர்களின் கைக்கருவிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நாளுக்கு 3,800 அடி நடந்தவர்களுக்கே மறதிநோய் வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைவாக இருந்தது. 9,800 அடி வரை ஆதாயம் கூடிக்கொண்டே போனது. லண்டன் ஊழியர் ஆய்வில் எழுந்த முந்தி-பிந்திக் கேள்வி இதற்கும் பொருந்தும். ஆனாலும் 3,800 என்பது எட்டாத எண் அல்ல. வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். ஜொகூரில் பொழுது ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஆறு மணி இருட்டில் சாலையோரம் நடக்காதீர்கள்; வேலைக்கு விரையும் மோட்டார் சைக்கிள்களும் திறந்த கால்வாய்களும் இருக்கின்றன. ஏழேகாலுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள். புகைமூட்ட நாளில் பேரங்காடிக்குள் நடங்கள், கடையைப் பார்க்காமல். சிலிப்பர் வேண்டாம். இனிப்புநீர்க்காரர்கள் வீடு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், இரத்தச் சர்க்கரை இறங்கினால் வாயில் போட, பையில் இரண்டு மிட்டாய் இருக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மறதி திடீரென்று வந்தாலோ, சில மாதத்திலேயே வேகமாகக் கூடினாலோ அதையும் வயது என்று விடாதீர்கள். தைராய்டு, பி12 குறைவு போன்றவற்றால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. நெடுநாள் மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் பி12 குறைய இடமுண்டு, கிளினிக்கில் கேளுங்கள். காதும் அப்படித்தான். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். லான்செட் பட்டியலில் கேட்புக் குறைபாட்டுக்கு 7 விழுக்காடு கொடுத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே மறதிநோய் வந்துவிட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 494 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், கடுமையான பயிற்சியால் உடல் தேறியதே தவிர மறதி குறையவில்லை. ஆகவே அவர்களை விரட்டி விரட்டிப் பயிற்சி செய்யச் சொல்லாதீர்கள். மாலையில் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடங்கள். இரவில் உறக்கம் கொஞ்சம் நன்றாக வரக்கூடும், உங்களுக்கும்தான். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் மறுபடி சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்கிறவருக்கும் இங்கே வேலை செய்கிறவருக்கும் ஒரே நாளில் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைப்பதற்குப் பதில் உத்தான் பண்டார் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் கோயில் நிர்வாகத்தாருக்கு. நான் பார்த்தவரை, தனியாகப் பயிற்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் சில வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். கூட்டமாகச் செய்கிறவர்கள் தொடர்கிறார்கள். சீனப் பெரியவர்கள் பூங்காவில் கூடித் தை சி செய்வதை நாம் காரில் போகும்போது பார்த்துக்கொண்டே போகிறோம். அரசுக் கிளினிக்குகளில் மூத்தோர் மன்றங்கள் உண்டு, சமூகநல இலாகாவின் மூத்தோர் நடவடிக்கை மையங்கள் உண்டு. போகிறவர்களில் நம்மவர் குறைவு. மொழியும் தயக்கமும் காரணம். உங்கள் கல்யாண மண்டபம் வார நாளில் காலை எட்டு முதல் ஒன்பது வரை சும்மாதான் கிடக்கிறது. மின்விசிறிக்கு ஆகும் செலவைத் தவிர வேறு செலவில்லை. காலைப் பூசை முடிந்ததும் வாரம் மூன்று நாள் அதைத் திறந்துவிடுங்கள். கும்மிப் பாட்டு தெரிந்த தாய்மார்கள் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களே நடத்துவார்கள். முதல் மாதம் நாற்காலிப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க நான் கட்டணமில்லாமல் வருகிறேன். தேதியை இன்றே சொல்லுங்கள்.